நூறு பேரை வெளியேற்றிய காவலர்

காலை ஷிப்ட் முடிந்து டவுன்ஷிப்புக்குத் திரும்பிய பேருந்தில், சுரங்க நுழைவாயில் காவலர் ஒருவர் அருகிலிருந்த கணினிப் பிரிவு நண்பரிடம் கூறிய வாக்கியம், முன்னிருக்கையில் இருந்த என்னைப் புத்தகத்திலிருந்து நிமிர்த்தியது.

“நேத்து நூறு பேரை ஒரேடியா வெளிய தள்ளிட்டேன்.”

“எந்த கேட்லண்ணே? யூனியன் சும்மாவா வுட்டுச்சு?”

“வூட்டு கம்ப்யூட்டர்லப்பா. பிரவுசர்ல நம்பகமான சான்றிதழ் குடுக்கறவங்கன்னு ஒரு பட்டியல். அத்தனையும் வெளிநாட்டுப் பேரு, ஒருத்தனையும் தெரியாது. எல்லாத்தையும் அழிச்சுட்டேன். இப்ப எதைத் தொறந்தாலும் பாதுகாப்பில்லைங்குது. பொண்ணு காலேஜ் விண்ணப்பத்துக்கு இன்னிக்குத்தான் கடைசி நாளு. அழுதுகினு இருக்குது.”

“இந்த வெப்சைட் அசல்தான்னு கையெழுத்துப் போடறவங்கண்ணே அவங்க. பழையபடி சேத்துடலாம்.”

“தெரியாதவனையெல்லாம் மறுபடி உள்ள வுடச் சொல்றியா?”

“கேட்ல தெனம் அத்தனை கான்ட்ராக்ட் ஆளுங்கள வுடறீங்களே, எல்லாரையும் தெரியுமா?”

“பாஸ்ல ஆபீசர் கையெழுத்து இருக்குதே.”

“அந்த ஆபீசரைத் தெரியுமா?”

பேருந்து அடுத்த நிறுத்தத்தில் நின்றது. காவலர் எழுந்தார்.

“இத்தினி வருசமா அந்தக் கையெழுத்தைப் பாத்துத்தான் வுடறேன். போட்ட ஆளை ஒரு நாளும் பாத்ததில்ல” என்றவர், நண்பரின் கையைப் பற்றி எழுப்பினார். “உன் ஸ்டாப்புக்கு அப்புறம் போவலாம். இங்கயே எறங்கி எங்க வூட்டுக்கு வா, அந்த நூறு பேரையும் உள்ள சேத்துடு.”