லாயிடுக்குப் பின்வாசலைக் காட்டியவன்

தக்காளிச் சூப்பில் துளசி போடுவது எனக்குப் பிடிக்காது. பக்கத்து வீட்டு லாயிட் போடுவான். தெருவே சட்டியை வழித்துக் குடித்தது.

கொரோனா வந்த அந்த வசந்தத்தில், எங்கள் ஒஹாயோ ஊரில் தேவாலயத்துக்குக்கூடப் பூட்டு. என் துப்பாக்கிக் கடை மட்டும் அத்தியாவசியம் என்று திறந்திருந்தது. விசில்கூட ஊதிப் பழக்கமில்லாதவர்கள் வரிசையில் நின்றார்கள். எதிர்வீட்டு ரஸ்ஸலும் நின்றார். தனிக்கட்டை; தொற்றுக்குப் பயந்து வாழைப்பழத்தைச் சோப்புப் போட்டுக் கழுவுகிறவர்.

"மறைக்காம சொல்லு வெர்லின். திருடனுங்க வருவானுங்களா?"

"ஊரே முகமூடி போட்டுத் திரியுது. எவன் திருடன், எவன் பாதிரியார்னு எப்படிங்க கண்டுபிடிப்பீங்க?"

"அப்போ நான் என்னதான் பண்றது?"

"முன்வாசல்ல வர்றவன் மனுஷன். பின்வாசல் வலைக்கதவைத் திறக்கிறவன்கிட்ட பேச்சு எதுக்கு?"

எந்தக் கடைக்காரனும் சொல்லக்கூடிய ஆலோசனைதான்.

லாயிட் நல்லவன். அதுதான் சிக்கல். முன்பெல்லாம் பனி அள்ள, வண்டி தள்ள என்று தெருவில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். இப்போது லாயிட் வீடு வீடாகச் சூப் வைத்து, மணியடித்துவிட்டு ஓடுவான். ஜனங்கள் ஜன்னலில் நின்று கைதட்டுவார்கள். என்னிடம் துப்பாக்கி வாங்கிய ஒருவரும் கைதட்டியதில்லை.

"ரஸ்ஸல் மட்டும் தொடவே மாட்டேங்கிறாரு அண்ணே," என்று ஒருநாள் வருத்தப்பட்டான். "எம்மேல கோபமோ?"

"வெட்கம்டா. தெரு பார்க்குதேன்னு கூச்சம். பின்பக்கமா போ. வலைக்கதவைத் திறந்து உள்ள வெச்சிட்டு வந்துடு. மணி கிணி அடிக்காதே."

"உங்களுக்குத்தான் அண்ணே மனுஷங்க மனசு புரியுது."

அது எனக்குப் பிடித்திருந்தது.

ஒரே வேட்டுதான். ரஸ்ஸலுக்குக் குறி பார்க்க நான்தான் சொல்லிக்கொடுத்தேன். இவ்வளவு சீக்கிரம் பிடித்துக்கொள்வார் என்று எதிர்பார்க்கவில்லை. லாயிட் முகமூடியோடு பின்படியில் கிடந்தான். அந்த வருடம் ஊருக்கு ஊர் துப்பாக்கிச் சத்தம். எல்லோரும் நோயைத் திட்டினார்கள். நானும் கூடச் சேர்ந்து திட்டினேன்.

சரி ஆபீசர், எழுதிக்கொள்ளுங்கள். ரஸ்ஸலிடம் சொன்னதை மனதில் வைத்துக்கொண்டுதான் லாயிடை அனுப்பினேன். என்ன நடக்கும் என்று தெரியும்.

கையெழுத்து எங்கே போட வேண்டும்? கொஞ்சம் சீக்கிரம் விட்டுவிடுங்கள். லாயிடும் போய்விட்டான், அந்தத் தெருவுக்கு இனி என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?