சலவைக்கூடத்துச் சகோதரியும் பென்சில் மேடமும்

அவையை அணிசெய்து அமர்ந்திருக்கும் தலைவர் அவர்களே! அறியாமை இருளோடு அன்றாடம் போர் தொடுக்கும் பேராசிரியப் பெருமக்களே! பிள்ளைகள் பட்டதாரியாவதைப் பார்க்கப் பாதி நாள் வேலையை விட்டு வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே! மதிப்பெண்ணை மறந்து இந்த ஒரு மாலையாவது மகிழ்ந்திருக்க வந்த மாணவச் செல்வங்களே! உங்கள் அனைவரையும் தலைதாழ்த்தி வணங்குகிறேன்.

நம் கல்லூரியின் கற்றல் உதவி அறை, நூலகப் படிக்கட்டின் அடியிலிருந்து இன்று சன்னல் உள்ள மாடி அறைக்குக் குடிபெயர்ந்திருக்கிறது. அதை வாழ்த்திப் பேச என்னை அழைத்தார்கள். எதை வாழ்த்துவேன்? சுண்ணாம்பு பூசிய சுவரையா? சுழலும் மின்விசிறியையா? அங்கே உட்கார்ந்திருப்பவரை வாழ்த்தாமல் வேறு எதை வாழ்த்துவேன்?

அவர்தான் நம் பென்சில் மேடம்! மாணவர் கட்டுரையில் அவர் பேனா வைத்ததில்லை. ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி, அவ்வளவுதான். திருத்தித் தாருங்கள் என்று காலில் விழுந்தாலும் திருத்த மாட்டார். பின்வரிசையில் பலமாகச் சிரிக்கிறீர்களே, விழுந்து பார்த்தவர்கள் போலும்!

நீயே படி, நீயே தேடு, நீயே எழுது என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் அன்பர்களே, தண்ணீரில் தள்ளிவிட்டு நீந்து என்பதா கல்வி? தோளில் தூக்கிக்கொண்டு தானே நீந்திவிடுவதா உதவி? இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி உண்டு. அதை எனக்குக் காட்டியது ஒரு சகோதரியின் கதை. அவருடைய அனுமதியோடுதான் சொல்கிறேன்.

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடும் வேலை அவருக்கு. இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். படிப்பு நின்று பல ஆண்டுகள் கழித்துச் சமூகவியல் இளங்கலையில் சேர்ந்தார். வகுப்பில் எல்லோருக்கும் அவர் அக்கா. முதல் பருவத்தில் ஒரு கட்டுரை கேட்டார்கள்: இயந்திரம் பெண்களின் வேலையைக் குறைத்ததா? அக்கா அழகான கையெழுத்தில் பக்கம் பக்கமாக எழுதிக் கொடுத்தார். அத்தனையும் நூலகத்துப் புத்தகம் ஒன்றின் வரிகள்! வரிக்கு வரி, புள்ளிக்குப் புள்ளி!

பாடம் நடத்தியவர் கொதித்துப் போனார். நியாயமான கோபம். நான் தலைமை தாங்கிய தேர்வுக் குழுவுக்கு விஷயம் வந்தது. விதிப்படி அவரைக் கல்லூரியை விட்டே அனுப்பலாம். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். அவர் அழவில்லை, திகைத்துப் போய்ப் பார்த்தார்.

“அவரு அவ்வளவு படிச்சவரு. அவரு சொன்னதை நான் மாத்தி எழுதினா மரியாதையா இருக்குமாங்க?”

அப்போது, விசாரணைக்கு வந்திருந்த பென்சில் மேடம் எழுந்தார். தவறு தவறுதான், மறைக்க வரவில்லை என்றார். ஆனால் சுயமாக எழுதுவது என்றால் என்னவென்று இவருக்கு நம்மில் யார் சொல்லிக் கொடுத்தோம் என்று கேட்டார். மீண்டும் எழுத ஒரு வாய்ப்பு தருவது, ஆனால் தேர்ச்சி மதிப்பெண்ணுக்கு மேல் தருவதில்லை என்று குழு முடிவு செய்தது.

படிக்கட்டுக்கு அடியில் இருந்த அந்த அறைக்கு அக்கா போனார். மேடம் அதே புத்தகத்தைத் திறந்து வைத்தார்.

“இதுல எந்த வரியோட உங்களுக்குச் சண்டை?”

அக்கா நெடுநேரம் யோசித்து ஒரு வரியில் விரல் வைத்தார்.

“மிஷின் வந்ததும் வேலை குறைஞ்சுதுன்னு இருக்கு. எங்களுக்குத் துணி மூட்டைதான் கூடுச்சு.”

“அப்ப அதை எழுதுங்க. அவரு சொன்னது எது, நீங்க சொல்றது எதுன்னு தனித்தனியா தெரியணும்.”

எழுதினார். ஓரத்தில் உடனே ஒரு கேள்விக்குறி! உங்கள் ஒருவர் அனுபவம் எல்லோருக்கும் பொருந்துமா? அக்கா கூட வேலை செய்பவர்களிடம் கேட்டார். மூத்தவர்கள் மறுத்தார்கள், ஈரத்துணியைக் கையால் பிழிந்த காலத்தில் தோள்பட்டை விட்டுப்போகும், இப்போது அந்த வலி இல்லை என்றார்கள். அக்காவின் முடிவு ஆட்டம் கண்டது. மறுபடி படித்தார், மறுபடி எழுதினார். வலி குறைந்தது, வேலை குறையவில்லை என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தார். அது அவரே நடந்து கண்ட இடம்!

தேர்ச்சி பெற்றார். பெற்றவர் சும்மா இருந்தாரா? இன்னும் நன்றாக எழுதுவது எப்படி என்று கேட்டு, கோபப்பட்ட அதே ஆசிரியரின் வாசலில் போய் நின்றார்! அவரும் உட்காரவைத்து வரிவரியாக விளக்கினார். கோபத்தை மறந்து மாணவியை நினைத்த அந்த ஆசிரியரையும் நான் வணங்குகிறேன்.

இறுதியாண்டு ஆய்வேட்டின் வாய்மொழித் தேர்வு; நானும் அங்கே இருந்தேன். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஏட்டைப் புரட்டினார். நன்றாக இருக்கிறதே, யார் எழுதித் தந்தது என்று சாதாரணமாகத்தான் கேட்டார். அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“யாரும் எழுதித் தரலைங்க. நானே எழுதினேன். எந்த வரியை வேணும்னாலும் கேளுங்க.”

கேட்டார். சொன்னார். மேலும் கேட்டார். மேலும் சொன்னார். ஒரு கேள்விக்கு மட்டும், இன்னும் தெரியவில்லை, தேட வேண்டும் என்றார். தேர்வாளர் எழுந்து நின்று கைகொடுத்தார்!

வெளியே வந்து நடந்ததைப் பென்சில் மேடத்திடம் சொன்னேன். அக்கா உங்கள் பெயரை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றும் ஆதங்கப்பட்டேன்.

“அவங்க எழுத்துல என் கை தெரிஞ்சா, நான் என் வேலையைச் சரியா செய்யலைன்னு அர்த்தம் சார்” என்றார்.

இதைவிட உயர்ந்த உதவி உண்டா? தன்னைத் தேவையற்றவராக ஆக்கிக்கொள்வதையே தொழிலாகக் கொண்டவருக்கு எந்த மாலை ஈடாகும்? எந்த மேடை போதும்?

மேடம் எங்கே என்று முன்வரிசை அம்மா கேட்கிறார். அழைத்தோம், வரவில்லை. அதோ, மாடியில் ஒரு சன்னலில் மட்டும் வெளிச்சம் தெரிகிறதே, அங்கே இருக்கிறார். முதலாண்டு மாணவர் ஒருவர் பாதிக் கட்டுரையோடு வந்திருக்கிறாராம்.

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு என் நன்றி. அவருக்காகக் கைதட்டுங்கள். ஆனால் மெல்லத் தட்டுங்கள். மேலே ஒருவர் எழுதிக்கொண்டிருக்கிறார். வணக்கம்.