நாலு விரக்கடை முன்னாடி

— அசையுதாண்ணே?

— ஒரு நிமிஷம். ஒரே நிமிஷம், தங்கச்சி. நீங்க அந்தப் பக்கத்துக் கம்பியைத் தூக்கிப் புடிங்க. நான் இந்தப் பக்கம் தட்டுறேன்.

— கையெல்லாம் கிரீஸ் வழியுது.

— வழியட்டும். மூணு நாளா மண்ணெண்ணெய் ஊத்தி ஊற வச்சிருக்கேன்ல. தள்ளுங்க... இன்னும்... தம் கட்டுங்க...

— வருது! அண்ணே, வருது!

— அடி சக்கை! வந்துருச்சு தங்கச்சி! இருபது வருஷமா ஒட்டிக்கிட்டுக் கெடந்த வேன் சீட்டு ரெயிலு! உங்க வீட்டுக்காரர் தன் கால் நீளத்துக்குக் கடைசி வரைக்கும் பின்னாடி தள்ளி வச்சாரு பாருங்க, அப்படியே துருப்புடிச்சு அங்கேயே குடித்தனம் பண்ணியிருக்கு.

— நாலு விரக்கடை முன்னாடி வந்துருச்சா?

— வந்துருச்சு. இங்கேயே போல்ட்டுப் போட்டு இறுக்கிடுறேன். இப்ப ஏறி உக்காந்து கிளட்ச்சை மிதிங்க. சும்மா இந்தப் பலகை மேல உக்காருங்க, சீட்டு உள்ள மேஜை மேல இருக்கு.

— எட்டுது! அடி வரைக்கும் எட்டுது! ‘அவ காலு பெடலுக்கு எட்டாது, ஏணி வச்சுத்தான் மிதிக்கணும்’னு எல்லாரையும் வச்சுக்கிட்டுச் சொன்னாருண்ணே. இப்ப அவருக்கே முட்டி ஆபரேஷன் பண்ணி மூணு மாசமாச்சு. இனிமே கிளட்ச் மிதிக்கவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அதனால நாளைக்குக் காலையில வண்டியைக் கைமாத்திடறதுன்னு முடிவே பண்ணிட்டாரு. வண்டி போனா எங்க பூந்தொட்டியெல்லாம் கடைகடையா எதுல போகும்? என் தலையிலயா?

— இன்னைக்கு நாலு மணிக்கு டெஸ்ட்டு. நீங்க லைசென்ஸோட போய் நின்னீங்கன்னா அவரு எதுக்கு விக்கப் போறாரு?

— அதான். ஆனா ஓட்டிக் காட்டுறதுக்கு முன்னாடி அவருக்குத் தெரிஞ்சா, ஒரே சிரிப்புல என்னைக் கவுத்துடுவாரு. அவரு சிரிச்சா எனக்குப் பிரேக் எது, கிளட்ச் எதுன்னே மறந்துபோகும்ணே. இன்னைக்கு விட்டா அடுத்த தேதி ஒரு மாசம் கழிச்சுத்தான். அதுக்குள்ள வண்டி எவன் வாசல்லயோ நிக்கும். டிரைவிங் வாத்தியார் மூணு மணிக்கு இங்க வந்துடறேன்னாரு.

— இப்ப ரெண்டே கால். இறங்கிக் கடைக்குள்ள வாங்க, சீட்டுக்கு உறையை இழுத்து மாட்டணும், அவ்வளவுதான். ஒரு நிமிஷ வேலை.

— உங்க ஒரு நிமிஷம் எனக்குத் தெரியாதா.

— சீட்டுக்காரரே! ஏய்யா சீட்டுக்காரரே! உள்ள யாரு பேச்சுக்குரல்?

— ஐயோ, அண்ணி! அவரோட அக்கா! அவங்க காதுல விழுந்தா ஒலிபெருக்கி கட்டின மாதிரிண்ணே!

— ஃபோம் அடுக்குக்குப் பின்னாடி போங்க. குனிஞ்சு போங்க. தும்மாதீங்க... வாங்கக்கா, வாங்க! என்ன இந்த வெயில்ல?

— சும்மா இந்தப் பக்கமாப் போனேன். நம்ம தம்பி வண்டி நிக்குதேன்னு எட்டிப் பாத்தேன். எனக்கெதுக்கு ஊர் வம்பு. யாருகிட்டப் பேசிட்டு இருந்தே?

— ரெயிலுகிட்டக்கா. வர மாட்டேன்னுச்சு, கெஞ்சிட்டு இருந்தேன்.

— பொம்பளைக் குரல்ல பதில் சொல்லுச்சே?

— துரு. துருப்புடிச்ச இரும்பு அப்படித்தான் கீச்சுக்கீச்சுன்னு பேசும்.

— சரிதான். இது என்னய்யா மேஜை மேல? மாதுளை நிறமா? நாளைக்கு விக்கப்போற வண்டிக்கு எவனாவது மாதுளை நிறத்துல சீட்டுத் தைப்பானா? என் தம்பி கறுப்புன்னுல்ல சொன்னான்?

— கறுப்பு ரெக்சின் தீந்துபோச்சுக்கா.

— அப்ப உன் பின்னாடி சுருட்டி நிறுத்தி வச்சிருக்கிறது?

— அது... அது கருநீலம்.

— என் கண்ணுல போன வருஷந்தான் புரை எடுத்தாங்க. பளிச்சுனு தெரியுது. கறுப்பு.

— அக்கா, வந்ததுதான் வந்தீங்க, சும்மா நிக்காம இந்த ஓரத்தைக் கொஞ்சம் புடிங்க. உறை மாட்ட நாலு கை வேணும். முதல்ல இந்த பாலிதீன் தாளை ஃபோம் மேல விரிச்சுக்குவோம், வழுக்கிட்டு உள்ள போகும். அப்புறமாத் தாளை உருவிடலாம். ம், இழுங்க.

— இழுக்கிறேன். இழுக்கிறேன். அது என்ன, ஓட்டுற பக்கம் மட்டும் தலகாணி மாதிரி உப்பிக்கிட்டு நிக்குது? இந்தப் பக்கம் தட்டையா இருக்கு?

— அங்க நாலு ஸ்பிரிங்கு செத்துப்போச்சு. உங்க தம்பி உக்காந்து உக்காந்து பள்ளம் தோண்டிட்டாரு. அதை நிரப்பினேன்.

— பள்ளத்தை நிரப்பினா சமமாத்தானே வரும்? நீ மேடு கட்டி வச்சிருக்கே. என் தம்பி இதுல உக்காந்தான்னா தலை கூரையைக் கிழிச்சுட்டு வெளிய வரும். தெருவுல போறவங்க அவன் தலையை மட்டும் பாத்துக் கும்பிடு போடணும்.

— புது ஃபோம் அமுங்கும்க்கா. ஒரு மாசத்துல அமுங்கிடும். அந்த மூலையை விடாதீங்க! மடிப்பு விழுந்தா பொறுக்கவே முடியாது எனக்கு.

— விடல, விடல. ஆமா, வெளிய பாத்துட்டுத்தான் வந்தேன், சீட்டுப் பலகை ஸ்டீயரிங் மேல போய் ஒட்டிக்கிட்டு நிக்குதே?

— பின்னாடி ஜாக்கி வைக்க இடம் வேணும்னு தள்ளினேன்.

— ஜாக்கிக்கு நாலு விரக்கடையா? இந்தச் சீட்டு ஒரே பலகைய்யா. ஓட்டுறவங்க முன்னாடி போனா பக்கத்துல இருக்கிறவனும் சேர்ந்து முன்னாடி போகணும். என் தம்பி அந்தப் பக்கம் உக்காந்தான்னா முட்டி ரெண்டும் மோவாயில இடிக்கும்.

— அக்கா, இந்த வளையத்தைக் கம்பியோட சேத்துப் புடிங்க, நான் இடுக்கியால நசுக்குறேன். விரலை எடுத்துக்குங்க. ஆங். அடுத்தது.

— இது என்ன கயிறு? ரெண்டு முடிச்சுப் போட்டு ஆணியில தொங்குது?

— அதைத் தொடாதீங்க!

— தொட்டாச்சு. இது அளவுக் கயிறு. முட்டி மடக்குல இருந்து குதிகால் வரைக்கும். என் தம்பிக்கு இந்தக் கயிறு கெண்டைக்கால்லயே நின்னுபோகும். யாரு காலுய்யா இது?

— வண்டியை வாங்க வர்றவரு காலு. அவரு கொஞ்சம் குள்ளம்.

— அவரை நான் பாத்தாச்சு. முந்தாநாள் தம்பி வீட்டுக்கு வந்தப்ப வாசல் நிலையில தலையை இடிச்சுக்கிட்டாரு. நான்தான் தண்ணி தொட்டுத் தேச்சு விட்டேன்.

— அக்கா...

— சொல்லு. எனக்கெதுக்கு ஊர் வம்பு, சும்மா கேக்குறேன். நீ சொல்லலைன்னா போன் போட்டுத் தம்பிகிட்டயே கேட்டுக்கிறேன். அவன் மாத்திரை போட்டுட்டுத் தூங்குறான்னா எழுப்பிடுறேன்.

— வேணாம்க்கா, போனை உள்ள வைங்க! நான்... நான்தான் வாங்கப் போறேன். வண்டியை. என் கால் அளவு அது. போதுமா?

— நீயா?

— நான்தான்.

— முப்பது வருஷமா ஓட்டுறவனுக்கெல்லாம் சீட்டுத் தைக்கிறே. உனக்கு ஓட்டத் தெரியாதேய்யா! சைக்கிள்லயே திருப்பத்துல இறங்கித் தள்ளிட்டுப் போவியே!

— இனிமே கத்துக்குவேன்.

— கத்துக்கோ, கத்துக்கோ. ஏய்யா, அது என்ன, உன் ஃபோம் பாட்டுப் பாடுது?

— எந்த ஃபோம்?

— அந்த அடுக்கு. நல்லாத்தான் பாடுது. ஏ பொண்ணே, எடுத்துப் பேசு! அஞ்சாவது தடவையா அடிக்குது, பாவம் யாரு என்ன அவசரமோ.

— அ... அண்ணி.

— தலையில ஃபோம் தூள். தட்டிக்கோ. முதல்ல போனை எடு.

— ஹலோ, வாத்தியாரே... ஆமா, ரெடியாத்தான்... என்னது? ... எந்த வடிகால்ல? ... ஐயோ, யாருக்கும் அடியில்லையே? ... கிரேன் எப்ப வரும்? ... அஞ்சு மணிக்கா! ... சரிங்க. சரி. வைக்கிறேன்.

— என்ன தங்கச்சி?

— வர மாட்டாராம்ணே. புதுசாச் சேந்த ஒருத்தன் அவரு காரை வடிகால்ல எறக்கிட்டானாம். தூக்கிட்டு இருக்காங்களாம்.

— அப்ப டெஸ்ட்டு?

— என்ன டெஸ்ட்டு! பக்கத்துல லைசென்ஸ் உள்ளவங்க உக்காராம நான் வண்டியைத் தெருவுல எடுக்கவே கூடாது. அங்க போய் இறங்கும்போதே பாப்பாங்க. முடிஞ்சுதுண்ணே. எல்லாம் முடிஞ்சுது. அண்ணி, உங்களுக்கும் எல்லாம் தெரிஞ்சுபோச்சு. போங்க, போய் அவரை எழுப்பிச் சொல்லுங்க. சேந்து சிரிங்க.

— ஏன்டி, எம்மேல பாயுறே? என் தம்பி ஏணின்னு சொன்னப்ப நான் சிரிச்சேன்தான். நல்லாவே சிரிச்சேன். அதுக்கு அப்புறம் பேசிக்கலாம். கத்துக்கிட்டியா ஒழுங்கா?

— ரெண்டரை மாசம். தினமும் காலையில தொட்டிக்கு மண்ணு பாக்கப் போறேன்னு சொல்லிட்டு.

— நானும் யோசிச்சேன், இவ ஒருத்தி மட்டும் தினமும் மண்ணு பாக்குறாளே, தங்கமா கெடைக்குதுன்னு. ஏற்றத்துல நிறுத்தி எடுப்பியா? பின்னாடி உருளாம?

— உருளாது.

— அக்கா, நம்ம தெருவுல லைசென்ஸ் உள்ளவங்க யாரு இருக்கா? உங்களுக்குத் தெரியாததா?

— இஸ்திரிக்காரர் லைசென்ஸ் காலாவதியாகி ரெண்டு வருஷம். அவரு மாமனார்கிட்ட மறைச்சு வச்சிருக்காரு. மாடி வீட்டு வாத்தியார் கிட்ட இருக்கு, ஆனா இன்னைக்குப் பல்லு புடுங்கிட்டுப் படுத்திருக்காரு. கடிகாரக் கடைக்காரர் இப்பவே ரெண்டு ரவுண்டு உள்ள தள்ளியிருப்பாரு. மருந்துக்கடைப் பையன் அவங்கம்மாவைக் கேட்டுட்டுத்தான் மூச்சே விடுவான்.

— அவ்வளவுதானா?

— எங்க வீட்டுக்காரர்கிட்ட இருக்கு. கூப்பிட்டா வருவாரு. வந்தவுடனே மச்சானுக்குப் போன் போடுவாரு.

— விடுங்க அண்ணி. விதி.

— விதியும் இல்ல, வெங்காயமும் இல்ல. சீட்டுக்காரரே, மிச்சம் எத்தனை வளையம்?

— ஆறுக்கா. ஆனா இப்ப எதுக்கு?

— போடு. ஏ பொண்ணே, மூக்கைச் சிந்திட்டு அந்த முனையைப் புடி. மூணு பேரா இழுத்தா சீக்கிரம் முடியும்.

— ஓட்ட ஆளு இல்லாத வண்டிக்கு...

— இழுங்கிறேன்ல!

— ஒண்ணு... ரெண்டு... அந்த பாலிதீனை உருவுங்க தங்கச்சி, சரசரன்னு உருவுங்க. அடி சக்கை, என்னமா உக்காந்துச்சு பாருங்க! ஒரு மடிப்பு இல்ல! அஞ்சு... ஆறு. முடிஞ்சுது.

— தூக்கு. வண்டியில வை. கதவுல உரசாம. மெதுவா, ம்... உக்காந்துச்சா?

— டக்குன்னு உக்காந்துருச்சுக்கா. அளவெடுத்த மாதிரின்னு சொல்ல வந்தேன், அளவெடுத்துத்தானே தைச்சேன்.

— நீ ஏறு, பொண்ணே. ஸ்டீயரிங் பக்கம்.

— எதுக்கு அண்ணி? சும்மா உக்காந்து பாக்கவா?

— ஏறுன்னா ஏறேன். முதுகு சாயுதா? கிளட்ச்சை மிதி. அடி வரைக்கும் போகுதா?

— போகுது. நல்லாப் போகுது. காலுக்குச் செருப்பு மாதிரி பொருந்துது. அண்ணி, நீங்க ஏன் அந்தப் பக்கம் ஏறுறீங்க?

— சீட்டுக்காரரே, மேஜை மேல என் கைப்பை இருக்கும், எடு. ரெண்டாவது ஜிப்பு. மாத்திரைக் கவருக்குப் பின்னாடி ஒரு அட்டை இருக்கு பாரு. அவகிட்டக் குடு.

— இந்தாங்க தங்கச்சி. என்னக்கா அது, ரேஷன் கார்டா?

— அண்ணே... இது... அண்ணி, இது நீங்களா?

— போட்டோவைப் பாத்துச் சிரிக்காதே, தேதியைப் பாரு. செல்லுமா?

— இன்னும் மூணு வருஷம் செல்லும். அண்ணி! இது எப்ப வாங்கினது?

— நீ இந்த வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி, இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. ரெண்டு தடவை புதுப்பிச்சாச்சு.

— அக்கா, இருபது வருஷமா? உங்க வாயில ஒரு சேதி இருபது வருஷம் தங்குச்சா?

— எங்க வீட்டுக்காரருக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. ம், கண்ணாடியைச் சரி பண்ணு பொண்ணே, எடு வண்டியை.