ஏழு கடிகாரம் சொன்ன நேரம்

மணிக்கட்டுச் சோதனைப் பிரிவின் மாண்பே! ஏழு கடிகாரங்களை ஏந்திய இரு கரங்களே! எள்ளி நகைத்தோரிடமும் இன்முகம் மாறாத எங்கள் அக்கா! முப்பத்தோராண்டுப் பணி முடித்து விடைபெறும் தங்களுக்கு, உடன் உழைத்த நாங்கள், நிமிர்ந்து பார்க்கக் கூசியபடி படைக்கும் பாராட்டு மடல் இது.

ஓட்டுக் கொட்டகையில் பன்னிரண்டு மேசைகளோடு பிறந்தது நம் கைக்கடிகாரம். ஒரு ஜோடிச் செருப்பின் விலைக்கு ஒரு கடிகாரம் என்று கடைவிரித்தபோது, 'பொம்மை வாட்ச்' என்று பெரிய கடைக்காரர்கள் கேலி பேசினார்கள். பேருந்து நடத்துநரும், இரவுப்பணிச் செவிலியரும், தேர்வெழுதப் போகும் மாணவியும் அதையே தேடி வந்தார்கள். கொட்டை எழுத்தில் எண்கள். மழையில் நனைந்தாலும் நிற்காத முள். வார் அறுந்தால் தெருமுனையிலேயே மாற்றிக்கொள்ளும் வசதி. இவையெல்லாம் விளம்பரத்தில் வந்தவை. விளம்பரத்தில் வராதது தங்கள் கை.

சோதனைக்கு வந்த ஏழு கடிகாரங்களையும் இடக்கையில் நான்கு, வலக்கையில் மூன்று எனக் கட்டிக்கொண்டே சமைத்தீர்கள், துவைத்தீர்கள், பேருந்துக் கம்பியைப் பிடித்துத் தொங்கினீர்கள். வாரக் கடைசியில் வானொலி மணியோடு ஒப்பிட்டு, அரை நிமிடம் பிசகினாலும் திருப்பி அனுப்பினீர்கள். அந்த ஏழு நாளும் முள் திருப்பும் திருகைத் தொடக் கூடாது என்பது விதி. தாங்கள் தொட்டதில்லை.

நாங்கள் தொட்டோம். அதைச் சொல்லாமல் இம்மடலுக்குச் சட்டம் போட்டு மாட்டினால், அதன் கண்ணாடியே எங்களைப் பார்த்துச் சிரிக்கும்.

முந்தைய மேலாளர் பெருமையோடு வாசல் சுவரில் மாட்டிய விலையுயர்ந்த கடிகாரம் நான்கு நிமிடம் முன்னால் ஓடியது. எங்கள் எல்லோருக்கும் அது தெரியும். எங்கள் கையாலேயே கோத்து, நாங்களே கட்டியிருந்த கடிகாரங்களின் முள்ளை அந்தச் சுவருக்கேற்பத் திருப்பி, 'கம்பெனி நேரம்' என்று செல்லப் பெயரும் வைத்தோம். மாலையில் நான்கு நிமிடம் முன்னதாக வீடு போகக் கிடைத்ததே, வாயைத் திறப்பானேன்?

ஒன்பதுக்கு இரண்டு நிமிடம் இருக்கையில் தங்கள் பேருந்து தங்களை இறக்கிவிடும். வாசலில் ஒன்பது இரண்டு. "என்னக்கா, ஏழு வாட்ச் கட்டியும் லேட்டா?" என்பார் காவலாளி. "ஏழும் ஒரே நேரத்தைத்தான் சொல்லுது தம்பி. உன் சுவரைக் கொஞ்சம் விசாரிச்சுப் பாரேன்" என்பீர்கள். முன்னமே உள்ளே வந்துவிட்ட நாங்கள் வயிறு குலுங்கச் சிரித்தோம்.

மேலாளரோ, "அதோட விலை தெரியுமாம்மா உங்களுக்கு? அதெல்லாம் தப்பாது" என்றார். எங்கள் பக்கம் திரும்பி, "என்னப்பா, சரிதானே?" என்றார். மலிவான கடிகாரமும் மெய் சொல்லும் என்று ஊருக்கெல்லாம் விற்ற நாங்கள், "சரிதான் சார்" என்றோம்.

மூன்று தாமதத்துக்கு ஒரு மெமோ. அந்த மெமோவால், வரவேண்டிய மேற்பார்வையாளர் பதவி தங்களுக்கு வராமல் போயிற்று. மறுநாளிலிருந்து அரை மணி முந்தைய பேருந்தில் வந்தீர்கள். அது தங்கள் மகளுக்குத் தலைபின்னிவிடும் அரை மணி என்பது, நேற்று இவ்விழாவுக்கு அவரை அழைக்கப் போனபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. "எட்டு வயசுலேருந்து நானேதான் பின்னிக்கிட்டேன். கோண வகிடோடயே ஸ்கூல முடிச்சுட்டேன் சார்" என்று அவர் சிரித்தார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த மெமோவைத் தட்டச்சு செய்த எழுத்தரே இம்மடலையும் எழுதுகிறார். அன்று அவர் கையிலும் நம் கடிகாரம்தான் இருந்தது. அதன் முள்ளையும் திருப்பித்தான் வைத்திருந்தார். மெமோவைக் கோப்பிலிருந்து நீக்கும் ஆணையில் இன்றைய மேலாளர் கையெழுத்திட்டுவிட்டார். பதவியையும் பின்னலையும் திருப்பித் தரும் கையெழுத்து எவரிடமும் இல்லை.

அக்கா! விழா நான்கு மணிக்கு என்று அழைத்திருந்தோம். வாசலில் நான்கு ஆனபோது எவரும் எழவில்லை. தங்கள் கையில் நான்கு ஆன பிறகே இதை வாசிக்க எழுந்தோம்.

எந்தச் சுவருக்காகவும் ஓட வேண்டாத காலைகள் இனித் தங்களுக்கு வாய்க்கட்டும்! உடல்நலமும் மனநிறைவும் குன்றாமல், மகள் குடும்பம் சூழ, நெடுங்காலம் வாழ்க!

போகும்போது வாசலில் ஒரு நிமிடம் நில்லுங்கள். அந்தக் கடிகாரத்தை நாங்கள் இன்னும் திருத்தவில்லை. அதன் முள்ளைத் திருப்பும் கை தங்களுடையதாகவே இருக்க வேண்டும். கீழே ஸ்டூல் போட்டு வைத்திருக்கிறோம். பிடித்துக்கொள்ள நாங்கள் அத்தனை பேரும் வருகிறோம்.

இங்ஙனம்,
தெரிந்தும் வாய் திறவாதிருந்த
உடன் பணியாளர்கள்