அப்பாவின் மனம் கலங்காமல்

ஆட்டுக்குட்டிகளைக்கூட நான் தள்ளித்தான் கட்டினேன், ஃபாதர். கத்தினால் அப்பாவின் தூக்கம் கெடும். ஏரியூரில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், சவரிமுத்துவை மகன் அமல்தாஸ் எப்படிப் பார்த்துக்கொண்டான் என்று சொல்வார்கள்.

முப்பதாம் நாள் பூசைக்குச் சொல்ல வந்த இடத்தில், அப்பா சாகக் கிடந்தபோது எண்ணெய் பூசி ஜெபிக்க, அவஸ்தைப் பூசுதலுக்கு, உங்களை ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டீர்கள். நியாயமான கேள்விதான்.

சேலத்தில் டாக்டர் அப்பாவை வெளியே உட்காரவைத்துவிட்டு என்னிடம் பேசினார். வயிற்றில் புற்று, இன்னும் பரவவில்லை, அறுத்து எடுத்துவிடலாம் என்றார். நான் துருவித் துருவிக் கேட்டதில் இன்னொன்றும் சொன்னார். வயிற்று நரம்பின் நுனியில் அசிட்டைல்கோலின் என்று ஒன்று சுரக்கிறதாம். புற்று செல்லுக்கு அது தீனி மாதிரி. தின்று வளர்ந்த செல், இன்னும் நரம்புகளைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளுமாம்.

"எலியில பாத்திருக்காங்க. அதுக்காகக் கவலைப்பட்டா கட்டி வளரும்னு நீங்களா முடிச்சுப் போட்டுக்காதீங்க. ஆபரேஷனைத் தள்ளாதீங்க," என்றார்.

நான் முடிச்சுப் போட்டுக்கொண்டேன். நரம்பு என்றால் மனசுதானே?

ஆபரேஷனுக்கு அப்பா உடனே சம்மதித்தார். ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "சில்வியா வரட்டும்டா. அது மூஞ்சியப் பாத்துட்டுப் போய்ப் படுத்துக்கறேன்."

சில்வியா என் தங்கை. ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டும் வீரமணியோடு போய், முனியப்பன் கோயிலில் தாலி கட்டிக்கொண்டவள். அதனால் எனக்குப் பேசி முடித்திருந்த பெண்வீட்டார் பின்வாங்கினார்கள். அதையெல்லாம் நான் மனதில் வைத்துக்கொள்கிறவன் இல்லை. அவள் வந்தால் அழுவாள், அப்பாவும் அழுவார், நரம்பு சுரக்கும். நான் யோசித்தது அவ்வளவுதான்.

அவளுக்குப் போன் செய்தேன். "அப்பாவுக்கு உம் மேல இன்னும் கோவம் தீரல. நீ வூட்டுக்கு வந்து அவரு கொதிச்சுப் போனா கட்டி பெருசாயிடும்னு டாக்டரே சொல்லிட்டாரு."

"சரிண்ணா, நான் வரல. சாப்புடறாரா?" என்றாள்.

சாப்பிடுகிறார் என்றேன். அப்பாவின் போனில் அவள் நம்பரை பிளாக் செய்தேன்.

அப்பாவிடம், "வர முடியாதுன்னுட்டாப்பா," என்றேன்.

"அதுவே சொல்லுச்சா?"

"அவளேதான் சொன்னா."

அவர் அழவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். ஆபரேஷன் வேண்டாம் என்றார். நான் வற்புறுத்தவில்லை, வற்புறுத்தினால் மனம் கலங்கும். பிறகு கஞ்சியும் வேண்டாம் என்றார். அதற்கும் வற்புறுத்தவில்லை. கையில் எண்ணெயோடு உங்களைப் பார்த்தால் சாவு வந்துவிட்டது என்று பயப்படுவார். அதனால்தான் உங்களையும் கூப்பிடவில்லை.

அடக்கத்தன்று கல்லறையில் சில்வியா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "கடைசியா என்னைய ஒரு வாட்டியாவது கேட்டாராண்ணா?"

கேட்கவில்லை என்றேன். அவள் மனமும் கலங்கக்கூடாது அல்லவா.

எனக்கும் வருத்தம் இல்லாமல் இல்லை, ஃபாதர். சோறு இறங்கமாட்டேன் என்கிறது. பொய் சொன்னது நான்தான். பிழைக்க வேண்டிய மனிதரைப் பிழைக்கவிடாமல் செய்ததும் நான்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பூசையில் இதை மட்டும் சேர்த்துச் சொல்லுங்கள்: சவரிமுத்து நிம்மதியாகத்தான் போனார். சுவரைப் பார்த்தபடியே கிடந்தார், கடைசிவரை யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை.