மூணாம் வீட்டுக்காரி

ஓடுகிறேன். வலது கையில் என் மகள் ஸ்டெல்லா. இடது கையில் ஈரத்துணி. கண் எரிகிறது. மூக்குக்குள் மிளகாய் அரைத்த மாதிரி. செவ்வாய்க்கிழமை, மதியம் இரண்டு பத்து. எண்ணூர்க் கடலோர வாயுக் குழாய் உடைந்தபோது முதலில் 'டொப்'. பிறகு நிற்காத சீறல்.

"கேஸு லீக்காவுது! மூஞ்சில துணி கட்டு! ஓடு, ஓடு!"

தெரு முழுக்கக் கூப்பாடு. "டேவிட்டம்மா! லட்சுமிம்மா!" எங்கள் தெருவில் பெண்களுக்குப் பிள்ளையின் பெயர்தான் பெயர். நான் ஸ்டெல்லாம்மா. என்னை நாலு பேர் கூப்பிட்டார்கள். சொல்ல வெட்கமாக இருக்கிறது. அந்த நேரத்திலும் நிம்மதியாக இருந்தது. என்னையும் தேட ஆள் இருக்கிறது.

மூணாம் வீட்டைத் தாண்டுகிறேன். கதவு உள்தாழ். அவளுக்கு இறால் கம்பெனியில் இரவு வேலை. பகலில் தூங்குவாள். தனி ஆள். பிள்ளை இல்லை. எனக்குத் தெரியும். இரண்டு வருஷமாகத் தினமும் குழாயடியில் "தண்ணி வருதாக்கா?" என்பாள். தண்ணீர் அவள் கண் முன்னாலேயே கொட்டும். ஒரு பேச்சுக்கு ஏங்கியிருக்கிறாள். நான் "ம்" என்பேன். குடத்தைப் பார்த்தபடி.

நின்றேன். வாயைத் திறந்தேன். பெயர் வரவில்லை. "ஏம்மா!" என்றேன். ஒரே தடவை. அந்தக் கூச்சலில் "ஏம்மா" என்றால் எந்தப் பெண் தன்னைத்தான் என்று எழுந்துவருவாள்? ஸ்டெல்லா வாந்தி எடுத்தாள். ஓடிவிட்டேன்.

நாங்கள் ஓடிச் சேர்ந்த பள்ளிக்கூடத்தில் தலை எண்ணினார்கள்.

"உங்க தெருல எல்லாரும் வந்துட்டீங்களா?"

"வந்துட்டோம் சார்" என்றோம்.

ஐந்து நிமிடம் கழித்துத்தான் நான் "மூணாம் வூடு..." என்றேன். அந்த ஐந்து நிமிடத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நானே சொல்கிறேன்.

நாலு மணிக்குக் கதவை உடைத்தார்கள். கதவுக்கு ஒரு முழம் உள்ளே கிடந்தாள். எழுந்து வந்திருக்கிறாள். என் சத்தம் கேட்டா? தெரியாது.

போலீஸ்காரர் பெயர் கேட்டார். பதினொரு பெண்கள் நின்றோம். ஒருத்திக்கும் தெரியவில்லை. ஆதார் அட்டையைத் தேடி எடுத்தார்கள். கலைச்செல்வி. வயது முப்பத்தாறு.

எங்கள் தெருவில் போனவை: ஆடு இரண்டு. கோழி ஒன்பது. முருங்கை மரம் ஒன்று. டேவிட்டம்மாவுக்கு இடது கண். ஆள் ஒன்று.

போன வாரம் ரேஷன் கடை வரிசையில் பேச்சு வந்தது.

"மூணாம் வூட்ல ஒருத்தி செத்துப் பூட்டாளே..."

"கலைச்செல்வி" என்றேன்.

டேவிட்டம்மா திரும்பிப் பார்த்தாள். "அது யாரு?"