மேல் ஓரம் மூன்று அங்குலம்

தீ என்றால் திசை பாராமல் ஓடும் தீரர்களின் தலைவராய், இன்று இந்த அவைக்கும் தலைவராய், கையில் மணியோடும் கண்ணில் கண்டிப்போடும் வீற்றிருக்கின்ற ஹோமர் ஸ்லோன் அவர்களே! காலையிலிருந்து கெளுத்தி மீனைப் பொரித்துப் பொரித்து, விரலெல்லாம் எண்ணெயாய், நெற்றியெல்லாம் வியர்வையாய் அமர்ந்திருக்கின்ற மெத்தடிஸ்ட் சபைத் தாய்மார்களே! கல்லூரியில் கற்காததையும் கழனியில் கற்ற பெரியோர்களே! போன முறை எனக்கு வாக்களித்த நல்லவர்களே! வாக்களிப்பதாகச் சொல்லிவிட்டு வாக்களிக்காமல் விட்ட, அதைவிட நல்லவர்களே! என் நாற்காலிக்கு என்னை எதிர்த்து நிற்கின்ற, பல் வரிசை பளிச்சென்று இருக்கின்ற தம்பி கிரெய்க் வனோவர் அவர்களே! டேவெனி கவுண்டியின் பத்திரப் பதிவாளர் வெர்லீன் டாக்கெட் உங்கள் எல்லோரையும் வணங்குகிறேன். செவ்வாய்க்கிழமை நீங்கள் போடுகிற ஓட்டில் அந்தப் பட்டம் நிற்குமோ போகுமோ, இன்றைக்கு அது என்னுடையதுதான்.

பத்து நிமிடம் தந்திருக்கிறார்கள். இருபது ஆண்டுப் பணிக்குப் பத்து நிமிடம்! ஹோமர், மணியைக் கீழே வையுங்கள், கை வலிக்கும். நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

ஐந்து முறை என்னைத் தேர்ந்தெடுத்தீர்கள். எதற்காகத் தேர்ந்தெடுத்தீர்கள்? அழகுக்கா? அன்புக்கா? இல்லை. உங்கள் நிலம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று எனக்குத் தெரியும் என்பதற்காக! மூன்று வெட்டு விழுந்த கருவாலி மரத்திலிருந்து ஓடையில் கிடக்கும் பெரிய கல் வரைக்கும் என்று உங்கள் பாட்டன் எழுதி வைத்துவிட்டுப் போனார். மரம் பட்டுப்போயிற்று, கல் வெள்ளத்தில் போயிற்று. அந்த மரம் நின்ற இடம் எது, அந்தக் கல் கிடந்த இடம் எது என்று கேட்டுக்கொண்டு எங்கே வந்தீர்கள்? என் மேசைக்குத்தானே வந்தீர்கள்! வேலி வைத்தவன் வந்தான், வேலியைப் பிடுங்கியவன் வந்தான், பிடுங்கியவன் மேல் துப்பாக்கி தூக்கியவனும் வந்தான். மூன்று பேரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்து, புத்தகத்தை விரித்து, வாயை மூடவைத்து அனுப்பியவள் நான்.

அப்படிப்பட்ட என்னைப் பற்றி இந்த மாதம் உங்கள் தபால் பெட்டியில் ஒரு துண்டுச்சீட்டு வந்து விழுந்தது. அதில் என் படம். இருக்கிற படங்களிலேயே கண்ணை மூடிக்கொண்டிருக்கும் படமாய்ப் பார்த்துத் தேடி எடுத்திருக்கிறார்கள். அதன் கீழே கொட்டை எழுத்தில், “டெல்பர்ட் ஸ்பர்லாக்கின் நிலத்தைப் பறித்த முத்திரை இவர் கையில்தான் இருந்தது.” தம்பி கிரெய்க், அச்சடித்தது நீங்கள்தானே? தலையாட்டுகிறார். நன்றி தம்பி. நான் மறுக்கப்போகிறேன் என்று நினைத்தீர்களா? மறுக்கவில்லை. முத்திரை குத்தியது இந்தக் கைதான்.

கல்யாணமாகி வெளியூரிலிருந்து வந்தவர்கள் சிலர் இருக்கிறீர்கள், உங்களுக்காகச் சொல்கிறேன். டெல்பர்ட் ஸ்பர்லாக் முப்பத்தொரு வருடம் நம் பள்ளிக்கூடப் பேருந்தை ஓட்டியவர். நாற்பது தாண்டியவர்களில் அவர் வண்டியில் ஏறாதவர் இந்த மண்டபத்தில் யார்? பனி கொட்டினாலும் வந்தார், பாலம் மூழ்கினாலும் சுற்றி வந்தார். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் இரண்டு ஹார்ன். மூன்றாவது ஹார்ன் கிடையாது. இரண்டுக்கும் வரவில்லை என்றால் வண்டியை நிறுத்திவிட்டு, இறங்கி வந்து கதவைத் தட்டுவார். என் வீட்டுக் கதவை எத்தனை முறை தட்டியிருக்கிறார் என்று எனக்குத்தான் தெரியும்.

அவருக்குச் சிக்கமோர் ஓடைக்கரையில் நாற்பது ஏக்கர், அதில் ஒரு வீடு. மனைவி போய் ஒன்பது வருடம். பிள்ளை இல்லை. இந்த மார்ச் மாதம் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்தது. மே மாதம் அவருடைய தம்பி மகன் லானி ஒரு விடுதலைப் பத்திரத்தோடு என் அலுவலகத்துக்கு வந்தான். “என் நிலம் முழுவதையும் என் தம்பி மகனுக்கு விட்டுக்கொடுத்தேன்” என்று அதில் இருந்தது. கீழே டெல்பர்ட்டின் கையெழுத்து. பக்கத்தில் நோட்டரியின் முத்திரை. நான் பதிந்தேன். ஜூலையில் லானி அதை வேட்டைக்கு வருகிறவர்களுக்கு விடுதி கட்டும் வெளியூர்க் கம்பெனிக்கு விற்றான். ஆகஸ்டில் டெல்பர்ட்டின் முற்றத்தில் சிவப்பு ரிப்பன் கட்டிய முளைக்குச்சிகளை அடித்தார்கள். சக்கர நாற்காலியில் இருந்தபடி அவர் கேட்டிருக்கிறார்.

“யாரு வீட்டைப்பா அளக்குறீங்க?”

“கம்பெனி வீட்ட, பெரியவரே. நீங்க இங்க யாரு?”

கேட்டீர்களா? நீங்கள் இங்கே யார்! அவர் பிறந்த வீட்டில், அவர் மனைவி இறந்த வீட்டில், அவரைப் பார்த்துக் கேட்ட கேள்வி!

வயிறு எரிகிறதா? எனக்கும் எரிந்தது. எரிந்துகொண்டே மூன்று மாதம் என்ன சொன்னேன் தெரியுமா? சட்டம் சொன்னேன். பத்திரம் உண்மையா பொய்யா என்று பார்க்கப் பதிவாளருக்கு அதிகாரம் இல்லை. படிவம் சரியாக இருக்கிறதா, முத்திரை இருக்கிறதா, மேல் ஓரத்தில் மூன்று அங்குலம் வெற்றிடம் இருக்கிறதா, இருந்தால் பதிந்தே ஆக வேண்டும். இதைப் பத்திரிகைக்காரரிடம் சொன்னேன், பாதிரியாரிடம் சொன்னேன், காய்கறிக் கடையில் முகத்தைத் திருப்பிக்கொண்ட பெண்ணிடம் வலியப் போய்ச் சொன்னேன். அத்தனையும் சட்டப்படி சரி.

சரி, அந்த நோட்டரி முத்திரை எங்கிருந்து வந்தது? தீவனக் கடைக் கல்லாவில் இருந்துகொண்டே நம் ஊருக்கு நோட்டரியாகவும் இருக்கிற ட்ரெசா பெல்ச்சர் போட்டது. ஒப்பமிடுகிறவர் நேரில் வந்து, அடையாளம் காட்டி, கண்முன்னே கையெழுத்திட்டால்தான் முத்திரை போட வேண்டும். லானி போய் நின்று என்ன சொன்னான்?

“ட்ரெசாக்கா, பெரியப்பாவால வர முடியல. கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டாரு. நீங்க ஒரு குத்துக் குத்திடுங்க.”

“அவரு கையெழுத்து எனக்குத் தெரியாதா? குடுடா இங்க. கோழித் தீவனம் எத்தன மூட்டைன்னு சொன்ன?”

முடிந்தது கதை! நாற்பது ஏக்கரும் கோழித் தீவனமும் ஒரே நேரத்தில் கல்லாவைக் கடந்தன.

என்ன? பின்னால் யாரோ கத்துகிறீர்கள். “ட்ரெசா மேல பழியப் போடாதீங்க, மிஸ் வெர்லீன்!” போடவில்லை ஐயா, அமருங்கள். ஆகஸ்டிலிருந்து அந்தப் பெண் வீட்டை விட்டு வெளியே வரவில்லை, அது எனக்கும் தெரியும். நான் கேட்பது வேறு. இந்த மண்டபத்தில் தீவனக் கடைக்கு நேரில் போகாமலே ட்ரெசாவின் முத்திரை வாங்காதவர்கள் கையைத் தூக்குங்கள் பார்க்கலாம். தூக்குங்கள்! ஏன், மீனைத் தின்று கை கனக்கிறதா? அதோ, தாடிக்காரர் கூரையைப் பார்க்கிறார். தம்பி கிரெய்க், உங்கள் கையும் மேசைக்குக் கீழேயே இருக்கிறதே! எனக்குத் தெரியும் தம்பி, உங்கள் பத்திரம் பதிந்த புத்தகமும் பக்கமும் சொல்லட்டுமா? அறிந்தவரிடம் அடையாள அட்டை கேட்பதை நாம் அவமானம் என்று வைத்திருக்கிறோம். “எங்க அப்பன உனக்குத் தெரியாதா, என்கிட்டயே அட்டை கேக்குறியா?” என்று அந்தப் பெண்ணிடம் எத்தனை பேர் எகிறியிருக்கிறீர்கள்! கேட்காதே, கேட்காதே என்று நாம் எல்லோரும் சேர்ந்து பழக்கினோம். அவள் கேட்கவில்லை.

மணி அடிக்கிறார். அடியுங்கள் ஹோமர். எட்டு நிமிடம்தான் ஆகியிருக்கிறது, என் கடிகாரம் எனக்குத் தெரியும். இதோடு இறங்கினால் நீங்கள் கைதட்டுவீர்கள். இரண்டு நாளாக எழுதி வைத்த பேச்சும் இந்த இடத்தில்தான் முடிகிறது. ஆனால் இதோடு இறங்கினால் நான் பச்சைத் துரோகி.

ஏனென்றால் லானி பத்திரம் கொண்டுவந்த அந்த மே மாத வாரத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை இருந்தது.

நம் சபையில் படுக்கையில் இருப்பவர்களுக்கு ஆள் மாற்றி ஆள் சாப்பாடு கொண்டுபோகும் வழக்கம் உண்டல்லவா? டெல்பர்ட் வீட்டுக்குச் செவ்வாய்க்கிழமை என் முறை. அந்தச் செவ்வாய் கோழிச் சாறு கொண்டுபோனேன். கரண்டியை அவர் வலது கையில் வைத்தேன், விழுந்தது. மறுபடி வைத்தேன், மறுபடி விழுந்தது. விரல் மடங்கவே இல்லை. பிறகு நானே ஊட்டினேன். பாதி வாயால் அவர் சிரித்துக்கொண்டே என்ன சொன்னார் தெரியுமா?

“இவ்வளவு உப்பா, வெர்லீன்? பஸ்ஸுல சூயிங்கம் ஒட்டுனதுக்கு உன்னையே சொரண்டிச் சுத்தம் பண்ண வச்சேன்ல, அதுக்குப் பழி வாங்குறியா?”

சிரிக்காதீர்கள். நானும் அன்று சிரித்தேன். அது செவ்வாய்க்கிழமை. இரண்டே நாள் கழித்து, வியாழக்கிழமை, காலை பத்து மணிக்கு லானி என் மேசைக்கு வந்தான். பத்திரத்தை வாங்கினேன். இழுப்பறையிலிருந்து இரும்பு ஸ்கேலை எடுத்தேன். அளந்தேன்.

“மேல ரெண்டரை அங்குலம்தான் இருக்கு. மூணு வேணும்.”

“அரை அங்குலத்துக்கா இந்தக் கெடுபிடி, மிஸ் வெர்லீன்?”

“சட்டம்னா சட்டம்தான்டா. மொதப் பக்கத்த மட்டும் சரியா அடிச்சுக் கொண்டா, போ.”

திருப்பி அனுப்பினேன்! திருப்பி அனுப்ப எனக்குத் தெரிந்திருந்தது. அரை அங்குலத்துக்காகத் திருப்பி அனுப்பினேன். அவன் பதினொன்றரைக்குச் சரியான ஓரத்தோடு வந்தான். மறுபடி அளந்தேன். மூன்று அங்குலம் மிகச் சரி. என் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்று எனக்குள் ஒரு பெருமை வேறு! கடைசிப் பக்கத்தில் டெல்பர்ட் ஸ்பர்லாக் என்று கொடிபோல் ஓடிய கையெழுத்து. கரண்டி பிடிக்க முடியாத கையின் கையெழுத்து. அதன் மேல்தான் என் கண் போயிற்று, போய்விட்டு அடுத்த ஆளைப் பார்த்தது. முத்திரையை எடுத்தேன், குத்தினேன், “அடுத்தது யாரு?” என்றேன்.

அவர் வீட்டு முற்றத்தில் முளைக்குச்சி விழுந்த அன்றுதான் அந்தக் கரண்டி எனக்கு ஞாபகம் வந்தது. வந்தும் வாயைத் திறக்கவில்லை. ஆகஸ்ட் போயிற்று, செப்டம்பர் போயிற்று, அக்டோபர் போயிற்று. என் படத்தைப் பலகையில் ஒட்டி உங்கள் புல்வெளியில் நட்டுக்கொண்டு திரிந்தேன். வெட்கமாக இருக்கிறது. சொல்லும்போதே நாக்கு கசக்கிறது.

அந்தக் கையெழுத்து என்னுடையது இல்லை என்று அவர் போட்ட வழக்கு வருகிற வியாழக்கிழமை கோர்ட்டில் வருகிறது. கம்பெனி வக்கீல் என்ன சொல்கிறார்? மருத்துவமனைச் சீட்டில் “கை தேறி வருகிறது” என்று எழுதியிருக்கிறது, அந்த வாரம் அந்தக் கை எழுதவில்லை என்று கண்ணால் கண்டவர் யார், அழைத்து வாருங்கள் என்கிறார். கண்டவள் ஒருத்திதான். அவள்தான் உங்கள் முன்னால் நிற்கிறாள்.

என் நாத்தனார் நெட்டி, என் தேர்தல் வேலை முழுவதையும் தலையில் போட்டுக்கொண்டு செய்தவள், நேற்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அண்ணி, செவ்வாய்க்கெழம ஓட்டு. வியாழக்கெழம கோர்ட்டு. நடுவுல ஒரே ஒரு நாள். ஓட்டு முடியட்டும், அப்பறம் போய்ச் சாட்சி சொல்லு. ஒனக்கும் நாற்காலி, அவருக்கும் வீடு. யாருக்கு என்ன நஷ்டம்?”

நெட்டி, நீ முன் வரிசையில் அழுகிறாய், தெரிகிறது. நீ கெட்டவள் இல்லையம்மா. நானும் ராத்திரி வரைக்கும் சரி என்றுதான் இருந்தேன். ஆனால் தெரியாமல் போட வைத்த ஓட்டுக்கும், அவருக்குத் தெரியாமல் போட்ட கையெழுத்துக்கும் என்ன வித்தியாசம்? உங்கள் ஒவ்வொருவர் கையெழுத்தையும் நானே போட்டதாக ஆகாதா?

அந்த நாற்காலி எனக்கு வேண்டும். இப்போதும் வேண்டும். வேண்டாம் என்று சொன்னால் இந்தப் பேச்சில் அது ஒன்றுதான் பொய்யாக இருக்கும். ஆனால் தம்பி கிரெய்க்குக்குப் போட விரும்புகிறவர்கள் போடுங்கள். தம்பி, கைபேசியிலேயே பத்திரம் பதியலாம் என்று வாக்குக் கொடுத்திருக்கிறீர்கள். கைபேசியும் மூன்று அங்குலத்தை அளக்கும். நீங்கள் பெயரைப் பாருங்கள். ஓரத்தை விட்டுத் தொலையுங்கள், பெயரைப் பாருங்கள்!

ஒரே ஒரு சொல், ஹோமர், அடித்துவிடாதீர்கள். இந்த மண்டபத்தில் முந்நூறு பேர் மீன் தின்கிறோம். டெல்பர்ட் எங்கே? முப்பத்தொரு வருடம் நம் வாசலுக்கு வந்து ஏற்றிப்போன மனிதரை இன்றைக்கு ஏற்றிவர ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு அவர் வாசலில் என் வண்டி நிற்கும். கோர்ட்டுப் படிகளில் அந்தச் சக்கர நாற்காலியைத் தூக்க நான்கு பேர் வேண்டும். அவர் வண்டியில் ஏறியவர்கள் நாற்பது பேராவது இங்கே இருக்கிறீர்கள். போகிற வழியில் உங்கள் ஒவ்வொருவர் வாசலிலும் நிறுத்துவேன்.

பொறுமையாகக் கேட்டவர்களுக்கு நன்றி. கேட்டு முகம் சுளித்தவர்களுக்கு அதைவிட நன்றி. தாய்மார்களே, மீன் நன்றாக இருந்தது. எல்லோரும் பத்திரமாக வீடு போய்ச் சேருங்கள்.

வியாழக்கிழமை, இரண்டு ஹார்ன். வராவிட்டால் இறங்கி வந்து கதவைத் தட்டுவேன். வணக்கம்.